பாரச் சட்டை

ஜெபக்கனி சிஸ்டரின் செவ்வாய்க்கிழமையை ஷமீமா புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மாட்டிக்கொண்டாள்.

சாம்பல் நிறத்தில், முழங்கை வரை கை வைத்த சட்டை அது. கழுத்துப் பட்டியை ஒட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். முதலில் இடுப்பைச் சுற்றி ஓர் இறுக்கம் வந்தது. யாரோ குனிகிறார்கள். பிறகு இடது கை நீண்டு எதற்கோ அடியில் நுழைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிற நேரம் அப்படியே நின்றது. அதன் பிறகுதான் இடது தோளில் அந்தப் பாரம் வந்து இறங்கியது. எழுபது கிலோ இருக்கலாம், அசைவில்லாத ஓர் ஆள். பாரம் கழிந்ததும் கையில் மெல்லிதாக இரண்டு தட்டு. ஒவ்வொரு தூக்கலுக்குப் பிறகும் அந்த இரண்டு தட்டும் வந்தன. கருவியின் சிறு கோளாறு என்று ஷமீமா அதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தாள்.

வார்டில் வேலை செய்பவர்கள் சீருடைக்குள் ஒரு மெல்லிய சட்டை போட்டுக்கொள்வார்கள். எந்தத் தசை எப்போது, எவ்வளவு இழுத்தது என்று அது பதிந்துகொள்ளும். மறுநாள் பிசியோதெரபி அறையில் ஷமீமாவின் சட்டை அதே இடங்களை அதே வரிசையில் அழுத்திக் காட்டும். நடந்ததையும் நின்றதையும் நீக்கிவிட்டால், ஒரு டூட்டியின் தூக்கலும் குனிதலும் இழுத்தலும் பன்னிரண்டு நிமிடத்தில் அடங்கும். அந்தச் சட்டை வலியைத் தராது, பாரத்தை மட்டுமே தரும். ஆனால் பிறருடைய எட்டு மணி நேரத்துப் பாரத்தை உடம்பில் வாங்கியவளுக்கு, வலி எங்கே என்று அவரிடம் கேட்கத் தேவையில்லை.

கேட்டும் பயனில்லை என்பதால்தான் சட்டையே வந்தது. மருத்துவமனை ஊழியர்களுக்கென்று தனியாக இந்த அறையைத் திறந்த புதிதில் ஷமீமா எல்லோரிடமும் எங்கே வலிக்கிறது என்று கேட்டுப் பார்த்தாள். "அப்படி ஒண்ணும் இல்ல மேடம்" என்பதே எல்லோருடைய பதிலும். நோயாளியின் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று நாள் முழுக்கக் கேட்டு எழுதும் நர்சுகள், தங்கள் வலிக்கு இரண்டுக்கு மேல் கொடுத்ததே இல்லை. நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தவரும் இரண்டு என்றுதான் சொன்னார்.

ஒரு நாளைக்கு ஐந்து பேரின் சட்டைகளை ஷமீமா போட்டுப் பார்ப்பாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கணவன் நசீர் கதவைத் திறந்துகொண்டே, "இன்னைக்கு எந்த வார்டு வீட்டுக்கு வந்திருக்கு?" என்பான். பால் பாத்திரத்தை அவள் எடுக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு, அறுவை அரங்கா, பிரசவ வார்டா என்று அவனே சொல்லவும் பழகியிருந்தான்.

ஒரு மாதமாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது பக்கவாத வார்டுதான். இடது தோள்.

ஜெபக்கனி உள்ளே வந்தாள். நல்ல உயரம், முப்பத்தெட்டு வயது. கையில் வழக்கம்போல் ஒரு சிறு நோட்டு.

"சிஸ்டர், பயிற்சி எல்லாம் செய்யிறீங்களா?"

"தெனமும் மேடம். காலைல பத்து, மத்தியானம் பத்து."

"செஞ்சு காட்டுங்க."

ஜெபக்கனி ரப்பர் பட்டையைக் கதவுக் கைப்பிடியில் கட்டினாள். எதிரே ஷமீமா செய்து காட்ட, அவளும் இடது கையால் இழுத்தாள். முழங்கை விலாவை விட்டு விலகவில்லை. தோள் காதை நோக்கி ஏறவில்லை. பாடப்புத்தகத்துப் படம் போல இருந்தது. உலகத்திலேயே மோசமான நோயாளிகள் மருத்துவமனைக்காரர்கள்தான் என்பது ஷமீமாவின் அனுபவம். ஜெபக்கனி அதற்கு விலக்கு. ஒவ்வொரு அசைவையும் இரண்டு முறை கேட்பாள், நோட்டில் குச்சி மனிதர்களை வரைந்துகொள்வாள்.

"இழுக்கும்போது மூச்ச விடணுமா, பிடிக்கணுமா மேடம்?"

"விடணும்."

எழுதிக்கொண்டாள்.

"சிஸ்டர், எனக்கு ஒரு விஷயம் புரியல" என்று ஷமீமா திரையைத் திருப்பிக் காட்டினாள். "நாலு வாரமா இடது கைக்குத்தான் பயிற்சி கொடுக்கேன். நீங்களும் ஒழுங்கா செய்யிறீங்க. ஆனா இங்க பாருங்க, வலது தோள்தான் பலமாயிருக்கு. இடது இன்னும் மோசம்."

ஜெபக்கனி திரையை உற்றுப் பார்த்தாள். அவள் முகம் சட்டென்று வாடிவிட்டது.

"எவ்வளவு மோசம்?"

"தூக்குற நேரத்துல தசை ஒரு நொடி நழுவுது. இந்த மாதிரி நழுவலை இதுக்கு முன்னாடி ஆறு பேர்கிட்ட பார்த்திருக்கேன். ஆறு பேருக்கும் ஒரு மாசத்துக்குள்ள தசைநார் கிழிஞ்சிடுச்சு. கிழிஞ்சா அந்தக் கையால தலை வாரக்கூட முடியாது. நாளைக்கே ஸ்கேன் எடுக்கணும்."

"நாளைக்கு டூட்டி கெடக்கு மேடம். அடுத்த வாரம் பாப்போம்."

"மூணு தடவை அடுத்த வாரம்னு சொல்லிட்டீங்க."

"வாரேன் மேடம்" என்று ஜெபக்கனி நோட்டை மூடினாள். கதவருகே நின்று திரும்பி, "தூக்காம இருந்தா கிழியாதுல்லா?" என்று கேட்டாள். ஷமீமா தலையசைத்ததும் வேகமாகப் போய்விட்டாள்.

அன்று மதியம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் திரையில் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணினி எல்லாச் சட்டைகளையும் சரிபார்க்கும். ஜெபக்கனியின் பெயருக்கு எதிரே, 'உடல் பொருந்தவில்லை' என்றிருந்தது. சட்டையை அணிபவர் பதிவு செய்யப்பட்ட ஊழியர்தானா என்று பிசியோதெரபிஸ்ட் ஒரு வாரத்துக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். சட்டையைப் பிறருக்குக் கொடுத்திருந்தால் ஊழியர் பணியிடை நீக்கம் செய்யப்படுவார்.

ஷமீமா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே அந்த இரண்டு தட்டு, இப்போது இது. சட்டைதான் பழுது என்று நினைத்தாள். வார்டுக்கே போய்ச் சோதித்துவிட முடிவு செய்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பக்கவாத வார்டில் நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைக்கும் நேரம். நாற்பது கட்டிலுக்கான கூடத்தில் அறுபது கட்டில்கள் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் அடுத்த கட்டிலை முட்டிக்கொண்டு நின்றதால், ஒரே பக்கத்திலிருந்துதான் ஆளைப் புரட்ட முடியும். கால்மாட்டில் ஒருவர், இடுப்பில் ஒருவர், தலைமாட்டில் ஒருவர். தலைமாட்டில் நிற்பவருக்குத்தான் முழுப் பாரமும்.

தலைமாட்டில் நின்றது ஜெபக்கனி இல்லை. நீலக் கோட்டுப் போட்ட ஒப்பந்த ஊழியர் ஒருத்தி. குட்டையான உருவம், நாற்பத்தைந்து வயதிருக்கும். கட்டிலின் விளிம்பு அவள் இடுப்புக்கு மேலே வந்தது. அவள் குனிந்து இடது கையை நோயாளியின் கழுத்துக்கு அடியில் நுழைத்தாள். "ஒண்ணு, ரெண்டு" என்றாள்.

மூன்று சொல்வதற்கு முன்பே ஷமீமாவின் இடது தோள் தானாக இறுகியது.

அந்த உடம்பை அவளுக்குத் தெரியும். முகத்தைப் பார்த்ததில்லை, பெயர் தெரியாது. ஆனால் அந்தக் கை எவ்வளவு தூரம் நீளும், எந்த இடத்தில் தயங்கும், மூச்சு எப்போது நிற்கும் என்பதெல்லாம் தன் கையைப் போலத் தெரியும். நோயாளி புரண்டு படுத்ததும் அந்தப் பெண், "அவ்வளவுதாம் அண்ணாச்சி, முடிஞ்சிட்டு" என்று அவர் முதுகில் இரண்டு முறை மெல்லத் தட்டினாள்.

ஷமீமா அங்கேயே நின்றாள். சட்டையில் ஒரு பழுதும் இல்லை.

ஜெபக்கனி அவளைப் பார்த்துவிட்டாள். மாத்திரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு வார்டின் கடைசியில் இருந்த துணி அறையைக் கண்ணால் காட்டினாள்.

சலவை விரிப்புகள் கூரை வரை அடுக்கியிருந்த சின்ன அறை அது. ஜன்னல் கம்பியில் கிழிந்த விரிப்பிலிருந்து எடுத்த ஒரு துணிப்பட்டை கட்டியிருந்தது. சுவரில் ஜெபக்கனியின் குச்சி மனிதர்கள் ஒட்டப்பட்டிருந்தார்கள். ஷமீமாவின் பிசியோதெரபி அறை முழுசாக அங்கே குடியேறியிருந்தது.

"ஆவுடக்கா, உள்ள வாங்க" என்று ஜெபக்கனி கூப்பிட்டாள். அந்தப் பெண் வந்து கதவோரம் நின்றாள். கோட்டுக்குள் பதிவுச் சட்டை தெரிந்தது. ஜெபக்கனியின் அளவு அவளுக்குப் பெரிது. இரண்டு பக்கமும் பிடித்து ஊக்குக் குத்தியிருந்தாள்.

"எப்போ இருந்து?" என்று கேட்டாள் ஷமீமா.

"அஞ்சு மாசமா" என்றாள் ஜெபக்கனி. "அவங்களுக்குச் சட்டை கெடையாது மேடம். நிரந்தர ஊழியருக்குத்தான குடுத்தாங்க. சட்டையில பதிவு இருந்தாத்தான் உங்க அறைக்கே வர முடியும். தலமாட்டுல நாங்க நிக்கதே இல்ல. ஊசி, மாத்திரை, எழுத்து வேலையே சரியாயிருக்கு. அறுவது கட்டில் மேடம், நாலு நேரம் புரட்டணும். தூக்குதது பூரா இவங்கதாம். தூக்காத எனக்குச் சட்டை எதுக்கு?"

"நேரா என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?"

ஷமீமா யோசித்தாள். விதியைச் சொல்லியிருப்பாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொல்லியிருப்பாள், ஆனால் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

"பயிற்சி செஞ்சு காட்டுங்க அக்கா" என்றாள் ஆவுடையிடம்.

ஜெபக்கனி துணிப்பட்டையின் ஒரு நுனியை இடது கையில் பிடித்து எதிரே நின்றாள். "முழங்கை ஒட்டி இருக்கட்டும். தோளக் காதுக்குக் கொண்டு போவாதீங்க. மூச்ச விடுங்க." குரல், நிறுத்தம் எல்லாம் ஷமீமாவுடையதே. ஆவுடை கண்ணாடியில் பார்ப்பதுபோல எதிரே நின்றவளைப் பார்த்து, அதே பக்கமாகத் தன் கையை நீட்டிச் செய்தாள்.

வலது கை.

ஷமீமாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அக்கா, நோவுறது எந்தத் தோள்?"

"இடது."

"அப்புறம் ஏன் வலது கையால செய்யிறீங்க?"

ஆவுடை ஜெபக்கனியைப் பார்த்தாள். "சிஸ்டர் எதுக்க நின்னு இந்தப் பக்கத்துக் கையத்தான காட்டுனாவ. நோவுத கைக்கு ஓய்வு, நல்ல கைக்கு வேலையாக்கும்னு நெனச்சேன். நீங்க படிச்சவிய, காரணம் இல்லாமலா சொல்லுவீய."

ஜெபக்கனி அப்படியே விரிப்புக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "நாலு வாரம்" என்றாள். "பதினஞ்சு வருச சர்வீஸ் மேடம் எனக்கு. இடது வலது தெரியாமப் போச்சே."

"விடுங்க சிஸ்டர். வலது கை பீமன் கை மாதிரி ஆயிட்டுல்லா" என்றாள் ஆவுடை.

ஷமீமா அன்றே ஆவுடைக்கு வெளிநோயாளிச் சீட்டு வாங்கி ஸ்கேனுக்கு அனுப்பினாள். பதினொரு வருடமாக அந்தக் கட்டடத்தில் வேலை செய்பவள், தனக்கென்று ஒரு சீட்டு வாங்கியது அதுவே முதல் முறை. வரிசை நகரும் நேரமும் அவள் டூட்டி நேரமும் எப்போதும் ஒன்றாகவே இருந்தன.

படத்தை மூவரும் துணி அறையில் வைத்துப் பார்த்தார்கள்.

"பாதி கிழிஞ்சிருக்கு" என்றாள் ஷமீமா. "பாதி பிழைச்சிருக்கு. ஆறு வாரம் ஒரு ஆளையும் தூக்காம, சரியான கையால பயிற்சி செஞ்சா ஆபரேஷன் இல்லாமலே சரியாகும். தூக்கினா மிச்சமும் போயிடும்."

"ஆறு வாரமா" என்றாள் ஆவுடை. "ஆறு நாள் சும்மா நின்னாலே காண்ட்ராக்ட்காரரு வேற ஆளக் கொண்டாந்துருவாரு. ரெண்டு பிள்ளைய படிக்கி. எங்க வீட்டுக்காரரு கடலுக்குப் போறது இப்ப இல்ல."

ஷமீமா தலைமை அலுவலகத்துக் கடிதத்தை எடுத்துக் காட்டினாள். ஜெபக்கனி அதை இரண்டு முறை படித்தாள்.

"ஒத்த கையெழுத்துதான மேடம்" என்றாள். "ஆமா, ஜெபக்கனிதான் போடுதான்னு எழுதிருங்க. முடிஞ்சிட்டு."

"எழுதலாம். எழுதினா என்ன ஆகும் தெரியுமா? உங்க தோள் கிழிஞ்சிருக்குன்னு கணினி நம்பும். ஆறு வாரம் தூக்கக் கூடாதுன்னு உத்தரவு வரும். உங்க பேருக்கு வரும். தோள் இவங்களோடது, ஓய்வு உங்களுக்கு. இவங்க தலைமாட்டுலயேதான் நிப்பாங்க."

வெளியே யாரோ சிஸ்டரைக் கூப்பிட்டார்கள்.

"அப்ப இல்லன்னு எழுதுங்க" என்றாள் ஜெபக்கனி. "எம் பேரயும் போட்டே எழுதுங்க."

"ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா" என்று ஆவுடை பாய்ந்தாள். இதுவரை சிஸ்டர் என்று கூப்பிட்ட வாயில் உரிமையோடு அழைக்கும் அந்த ஏட்டி எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "எனக்காவ வேலைய விடப் போறியா? மேடம், இவ பேச்சக் கேக்காதீய. நான் நின்னுக்கிடுதேன். வேற ஆஸ்பத்திரி இல்லாமலா போவுது."

"வேற ஆஸ்பத்திரில கட்டில் தானா புரளுமாக்கா? அங்கயும் தலமாட்டுலதான நிப்பீங்க" என்றாள் ஜெபக்கனி.



அன்று மாலை ஷமீமா பதில் எழுதினாள். நான்கு வரி எழுத ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. 'சட்டையில் பதிவான உடல் உண்மையானது. பாரமும் உண்மையானது. எங்கள் பட்டியலில் உள்ள பெயர்தான் தவறு. தூக்காதவர்களுக்குச் சட்டை கொடுத்து, தூக்குபவர்களை விட்டுவிட்டோம்.' கீழே ஆவுடையின் முழுப் பெயரையும் ஜெபக்கனியின் பெயரையும் எழுதினாள். ஜெபக்கனியின் பெயரை எழுதும்போது விரல் நின்றது. அவளே எழுதச் சொன்னாள் என்பது அந்த நேரத்தில் பெரிய ஆறுதலாக இல்லை. ஆவுடையின் பன்னிரண்டு நிமிடத்தையும் ஸ்கேன் படத்தையும் இணைத்தாள். 'முடிவு எடுப்பவர் முதலில் இதைப் போட்டுப் பார்க்க வேண்டுகிறேன்' என்று எழுதி அனுப்பினாள்.

ஆறு நாள் பதில் வரவில்லை. அந்த ஆறு நாளும் பக்கவாத வார்டின் தலைமாட்டில் நர்சுகளே முறை வைத்து நின்றார்கள். அப்படி நிற்கும்படி யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. ஆவுடை கால்மாட்டுக்குப் போய், "ஒண்ணு, ரெண்டு" மட்டும் சொன்னாள். ஊசி போடும் நேரம் தள்ளிப்போய் டாக்டரிடம் திட்டு விழுந்தது. வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் ஜெபக்கனி குனிந்தவள் நிமிர ஒரு நொடி கூடுதலாக ஆனதை ஷமீமா கவனித்தாள். துணி அறையில் சட்டை இல்லாமல், பழைய முறையில், கையால் அவள் இடுப்பைத் தடவிப் பார்த்தாள். கீழ் முதுகில் ஓர் இடம் கல்லாக இறுகியிருந்தது. பல மாதத்து இறுக்கம்.

"இது எப்போ இருந்து சிஸ்டர்?"

"அது கெடக்கு மேடம்."

"பத்துக்கு எத்தனை?"

"ரெண்டு" என்றாள் ஜெபக்கனி.

தன் வலியைக் காட்டும் ஒரே வழியை அவள் ஐந்து மாதம் இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். அதை ஒரு தியாகம் என்று நினைத்ததாகவும் தெரியவில்லை. கட்டில் விரிப்பு ஒன்றுதான் இருக்கிறது, நனைந்த கட்டிலுக்கு அதைப் போடுவோம் என்பதுபோலத்தான் செய்திருந்தாள். ஷமீமா அவளுக்கும் மூன்று பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தாள். இந்த முறை எதிரே நிற்காமல் பக்கத்தில் நின்று, ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு.

ஏழாம் நாள் காலை போன் வந்தது.

"தலைமை அலுவலகத்துலேர்ந்து வளர்மதி பேசறேன். ஷமீமாதானே? உங்க லெட்டர் என்கிட்டதான் இருக்கு."

"சொல்லுங்க மேடம்."

"அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தைப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கடைசில ரெண்டு தட்டு வருதே, அது என்ன?"

"நோயாளியோட முதுகுல தட்டிக் கொடுப்பாங்க மேடம். முடிஞ்சதுன்னு சொல்றதுக்கு."

"ம். உங்களோடது முப்பத்தெட்டாவது லெட்டர்."

"முப்பத்தெட்டாவதுன்னா?"

"உடல் பொருந்தலைன்னு இந்தத் தடவை நூத்திப் பன்னெண்டு சட்டை வந்திருக்கு. மாநிலம் முழுக்க. மெஷின்லதான் கோளாறுன்னு நாங்க ஒரு மாசமா அதையே நோண்டிட்டிருந்தோம். இதுவரைக்கும் முப்பத்தெட்டு பேர் பதில் எழுதியிருக்கீங்க. முப்பத்தெட்டுலயும் இதே கதைதான். ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் பேச்சே கிடையாது, சங்கம் சொல்லல, யாரும் சொல்லல. ஒவ்வொரு வார்டுலயும் ஒரு சிஸ்டர் தன் சட்டையைக் கழட்டிக் கொடுத்திருக்காங்க."

ஷமீமா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நூத்திப் பன்னெண்டு பேரை சஸ்பெண்ட் பண்ண முடியாது" என்றாள் வளர்மதி. "பண்ணா வார்டையெல்லாம் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். உங்க சிஸ்டருக்கு ஒரு மெமோ வரும், அதை என்னால தடுக்க முடியல. விளக்கம் எழுதச் சொல்லுங்க, அதோட முடியும். அந்த அம்மாவுக்கு ஆறு வாரம் தூக்கக் கூடாதுன்னு இன்னைக்கே உத்தரவு வரும், கான்ட்ராக்டருக்கும் ஒரு நகல் போகுது. ஆளை மாத்தக் கூடாதுன்னு அதுலயே இருக்கு. இனிமே தூக்கறவங்களுக்குத்தான் சட்டை. யார் ஊழியர்ங்கிறது வேற பட்டியல்."

"நன்றி மேடம்" என்றாள் ஷமீமா.

"எனக்கு எதுக்கு நன்றி. சட்டை தைக்கக் கொடுக்கணும், அந்த அம்மாவோட அளவு வேணும். எப்போ அளந்து அனுப்புவீங்க?"

"இப்பவே சொல்றேன், எழுதிக்கோங்க. உயரம் நாலடி பத்து. கை நீளம் குறைவு, முழங்கைக்கு ரெண்டு விரல் மேலயே நிறுத்திடுங்க. இடது தோள் வலதைவிட ஒரு விரல் தாழ்ந்திருக்கும். அந்தப் பக்கம் கொஞ்சம் தளர்வா விடச் சொல்லுங்க."

"ஏற்கெனவே அளந்து வச்சிருக்கீங்களா?"

"இல்ல மேடம்" என்றாள் ஷமீமா. "நாலு வாரமா போட்டிருந்தேன்."